மூன்று லிட்டர் தண்ணீர்

டாக்டர் சுடர்க்கொடிக்கு நாற்பது வயதாக இன்னும் ஐந்து மாதம் இருந்தது. இளம் ஆராய்ச்சியாளர்களுக்கான மருத்துவ ஆராய்ச்சி நிதிக்கு நாற்பதுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். காது ஓரத்தில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அரசாங்கம் அவளை இளையவள் என்று ஒப்புக்கொண்ட ஒரே இடம் அதுதான்.

டெல்டாவில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் அவள் உதவிப் பேராசிரியர். இரண்டு முறை விண்ணப்பித்திருந்தாள். இரண்டு முறையும் ஒரே பதில் வந்தது. புதுமை போதாது.

இது கடைசி முறை. கல்லூரியில் யாரைக் கேட்டாலும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். "ஹபீபுன்னிசா மேடத்தைப் போய்ப் பாரு."

பேராசிரியர் ஹபீபுன்னிசா சிறுநீரகத் துறைத் தலைவர். நோயாளிகளிடம் நிறையப் பேசுவார், மருத்துவர்களிடம் குறைவாகப் பேசுவார். அவரிடம் காட்டிவிட்டு அனுப்பினால் நிதி கிடைக்கும் என்று ஒரு பேச்சு இருந்தது.

சுடர்க்கொடி நாற்பத்தாறு பக்கங்களை அவர் மேஜையில் வைத்தாள்.

"மேடம், நிதி கிடைக்கணும்னா எப்படி எழுதணும்?"

அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். 'வேளாண் மகளிரின் சிறுநீரகப் பாதிப்பில் மூலக்கூறு அடையாளங்களின் பன்முக ஒருங்கிணைந்த பகுப்பாய்வு' என்றிருந்தது.

"இதை நீ எழுதினியா?"

"ஆமா மேடம்."

"படிச்சியா?"

சுடர்க்கொடி தலைப்பை மறுபடி ஒரு தடவை பார்த்தாள்.

"இது எங்க ஆரம்பிச்சது?"

"மூணாவது பக்கத்துல மேடம். பின்னணின்னு தலைப்பு போட்டிருக்கேன்."

"பக்கத்துல இல்லம்மா. உனக்கு எங்க ஆரம்பிச்சது?"

சுடர்க்கொடி யோசித்தாள். பிறகு அஞ்சம்மாளைப் பற்றிச் சொன்னாள். நடவு வேலை செய்கிறவள். இரண்டு வருஷத்தில் மூன்று தடவை நீர்க்கடுப்பு, காய்ச்சல், சிறுநீரகத்தில் கல் என்று வார்டில் சேர்ந்தவள். வீட்டுக்கு அனுப்பும்போதெல்லாம் தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி சீட்டில் எழுதிக் கொடுப்பாள் சுடர்க்கொடி. மூன்றாம் தடவை அதைச் சொன்னபோது அஞ்சம்மாள் சிரித்துவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரியும் சிரித்தாள்.

"ஏன் சிரிச்சாங்க?"

"தெரியல மேடம்."

"கேக்கலையா?"

"வெளிய நூத்தி இருபது பேர் வரிசையில நின்னாங்க மேடம்."

ஹபீபுன்னிசா நாற்பத்தாறு பக்கங்களையும் அடுக்கி அவள் கையில் கொடுத்தார்.

"இப்ப நடவு நடக்குது. ஒருநாள் லீவு போடு. காலைல அவங்க இறங்கும்போது இறங்கு, ஏறும்போது ஏறு. அந்த மூணு லிட்டரையும் நீ குடி."

"மேடம், கடைசித் தேதிக்குப் பதினோரு நாள்தான் இருக்கு. இந்த விண்ணப்பம்..."

"அதையும் எடுத்துட்டுப் போ. வரப்பு ஈரமா இருக்கும். உட்கார ஏதாவது வேணும்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு சுடர்க்கொடி வயலுக்குப் போய்ச் சேர்ந்தாள். பத்தொன்பது பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் அஞ்சம்மாளின் முகம் வெளுத்துவிட்டது.

"டாக்டரம்மா, வயல் வரைக்கும் தேடி வந்துட்டீங்களே. எனக்கு அவ்வளவு முத்திப்போச்சா?"

"உனக்கு ஒண்ணும் இல்ல அஞ்சம்மா. நான் சும்மா நட வந்தேன்."

இதைக் கேட்டு அவர்கள் இன்னும் பயந்தார்கள். டாக்டரம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்.

சுடர்க்கொடி சேற்றில் இறங்கினாள். அவள் நட்ட நாற்றுகளில் பாதி, நட்ட கையோடு படுத்துக்கொண்டன. பக்கத்து வரிசைப் பெண் அவற்றை எடுத்து மறுபடி நட்டுக்கொண்டே வந்தாள்.

எட்டு மணிக்குள் முதல் லிட்டரைக் குடித்து முடித்தாள். ஒன்பதரைக்குள் இரண்டாவதையும். அவள் ஒவ்வொரு தடவை பாட்டிலைத் தூக்கும்போதும் பத்தொன்பது பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பத்து மணிக்கு சுடர்க்கொடி நடுவதை நிறுத்திவிட்டு நாலு பக்கமும் பார்த்தாள்.

கிழக்கே தண்ணீரும் நாற்றும். மேற்கேயும் அதேதான். தெற்கே தார்ச் சாலை, அதன் ஓரம் டீக்கடை, டீக்கடையில் இந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஏழெட்டு ஆண்கள். வடக்கே ஒரே ஒரு பனைமரம் நின்றது. அதன் பின்னால் ஒளிய இன்னொரு பனைமரத்தால்தான் முடியும்.

"அஞ்சம்மா," என்றாள் தாழ்ந்த குரலில். "நீங்கல்லாம் எங்க போவீங்க?"

"எங்கயும் போறதில்லம்மா. விடியறதுக்கு முன்னாடி ஒரு தடவை போயிட்டு வருவோம். அப்புறம் வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போய்த்தான்."

"நடுவுல?"

"நடுவுல தண்ணி குடிக்க மாட்டோம்."

"வீட்டுக்குப் போயிட்டு வரலாமே?"

"போக வர முக்கா மணி நேரம். நம்ம வரிசை பின்னாடி நிக்கும். அப்படிப் போறவள அடுத்த நாள் கூப்பிட மாட்டாங்க." அஞ்சம்மாள் பாட்டிலைக் காட்டினாள். "இன்னும் ஒரு லிட்டர் இருக்கே டாக்டரம்மா. குடிக்கலையா?"

பத்தே முக்காலுக்கு சுடர்க்கொடியால் நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலையில் நின்றாள். அஞ்சம்மாள் அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

பத்தொன்பது பேரும் கரையேறி வந்தார்கள். வரப்போரம் வட்டமாக, முதுகை உள்ளே காட்டி நின்றார்கள். வெயிலுக்குத் தலையில் கட்டியிருந்த துண்டுகளை அவிழ்த்து, கைக்குக் கை பிடித்து விரித்தார்கள். நடுவில் சுடர்க்கொடி.

நடவுக்கு ஆள் கூட்டி வருபவர் சாலையிலிருந்து கத்தினார். "என்ன அங்க மாநாடு?"

"டாக்டரம்மா பரிசோதனை பண்றாங்க!" என்று அஞ்சம்மாள் திருப்பிக் கத்தினாள்.

வட்டம் முழுவதும் குலுங்கியது. உள்ளே சுடர்க்கொடிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு, இந்தப் பெண்களுக்கு நாலு வருஷமாகத் தான் எழுதிக் கொடுத்த சீட்டுகள் ஞாபகம் வந்தன. சிரிப்பு நின்றுவிட்டது.

வெளியே வந்ததும் கேட்டாள். "உங்களுக்கும் இப்படியே ஒருத்தருக்கு ஒருத்தர் நிக்கலாமே?"

"ஒருத்திக்குன்னா நிக்கலாம். பத்தொன்பது பேருக்கும் நின்னா நாத்த யாரு நடுறது?"

சுடர்க்கொடி பிற்பகல் மூன்று மணிக்கு, கடைசி ஆளோடு கரையேறினாள். மூன்றாவது லிட்டரை அவள் தொடவே இல்லை.

மறுநாள் ஹபீபுன்னிசா கேட்டார். "ஏன் சிரிச்சாங்கன்னு கேட்டியா?"

"கேக்க வேண்டிய அவசியமே வரல மேடம்."

"சரி, எழுது."

இந்தத் தடவை ஒன்பது பக்கம்தான் வந்தது. நாற்பது ஊர்கள். இருபது ஊர்களில் வயலோரம் நகர்த்தி வைக்கும்படி ஒரு சிறிய கழிப்பறை. மற்ற இருபதில் முதலில் வழக்கம்போல, ஆராய்ச்சி முடிந்ததும் அங்கேயும் கழிப்பறை. மூன்று வருஷம் அந்தப் பெண்களின் ரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்து, இரண்டு வகை ஊர்களிலும் சிறுநீரகங்கள் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பது. பின்னணி என்ற தலைப்புக்குக் கீழே, வயலில் அன்று நடந்ததை மணிவாரியாக எழுதினாள். பத்தே முக்கால் மணியையும் விடவில்லை.

சக மருத்துவர் ஒருவர் படித்துப் பார்த்துவிட்டு, "இதை அனுப்பப்போறியா? நல்லா யோசிச்சுக்கோ," என்றார். சுடர்க்கொடி யோசிக்கப் பயந்துகொண்டு அன்றே அனுப்பிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. நீளமான மேஜைக்குப் பின்னால் ஏழு பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் ஒன்பது பக்கத்தையும் முன்னும் பின்னும் புரட்டினார்.

"மிச்சப் பக்கமெல்லாம் எங்கே?"

"அவ்வளவுதான் சார்."

"மூலக்கூறு அளவுல எதுவுமே இல்லையே?"

"தண்ணி இருக்கு சார்."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண் மருத்துவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை.

"பெண்கள் தண்ணி குடிக்கறதில்ல. அதுதானே உங்க பிரச்சினை? குடிக்கச் சொன்னாப் போதாதா? இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி?"

"நானும் அப்படித்தான் சார் நாலு வருஷம் சொல்லிக்கிட்டிருந்தேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லாம் முடிந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டு சுடர்க்கொடி ரயிலேறினாள்.

நாற்பது வயது நிறைய ஒன்பது நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. நிதி கிடைத்துவிட்டது.

அவள் ஓட்டமும் நடையுமாக ஹபீபுன்னிசாவின் அறைக்குப் போனாள். அவர் கடிதத்தை நிதானமாகப் படித்தார். சந்தோஷமாகத் தலையாட்டினார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். நான் எழுதினதுல எது அவங்களுக்குப் பிடிச்சிருக்கும்? நீங்க முதல்ல வாங்கின நிதிக்கு எப்படி எழுதினீங்க?"

"நானா? ஏழு தடவை விண்ணப்பிச்சேன். ஒண்ணுகூடக் கிடைக்கல."

சுடர்க்கொடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப எப்படி மேடம்... அன்னிக்கு என்கிட்ட அவ்வளவு உறுதியா..."

"எப்படி எழுதணும்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா, உட்கார வச்சு அதையே சொல்லிக் கொடுத்திருப்பேன்," என்றார் ஹபீபுன்னிசா. "தெரியாது. அதனாலதான் உன்னை வயலுக்கு அனுப்பினேன்."