ஆடிட்டிங்குக்குப் பதிலாக ஒரு பேப்பர்

“கணக்கு எழுதுறவளுக்கு ஆடிட்டிங் எதுக்கு மேடம்?”

துறைத் தலைவர் அறைக்குள் சொர்ணவல்லி இதைக் கேட்டுக்கொண்டேதான் நுழைந்தாள். வணக்கம்கூட அப்புறம்தான் வந்தது.

கேட்டவளுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கேட்கப்பட்ட நஸ்ரின் மேடத்துக்கு முப்பதாக இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. தென்காசிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில், வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் வந்து படிக்கிற பி.காம். வகுப்பு அது. அங்கே சீடர் குருவை மேடம் என்பார், குரு சீடரை அக்கா என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு கூச்சமும் கிடையாது.

மேடம் நாற்காலியைக் காட்டினாள். சொர்ணவல்லி உட்காரவில்லை. அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை, அப்படி ஒரு சந்தோஷம்.

காரணம் கையில் இருந்த விண்ணப்பம். ஆடிட்டிங்கில் அரியர் வைத்திருப்பவர்கள், தொழில்முனைவோர் பேப்பரைக் கூடுதலாக எழுதிப் பாஸ் செய்திருந்தால், அதையே ஆடிட்டிங்குக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழகம் இந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் சலுகை கொடுத்திருந்தது. அந்தப் பேப்பரைச் சொர்ணவல்லி ஏற்கெனவே பாஸ் செய்திருந்தாள். இனித் துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும். இன்று ஐந்து மணிக்குள் ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டால் சொர்ணவல்லி பட்டதாரி.

அந்த விஷயத்தை அவள் மூச்சு விடாமல் சொன்னாள். சொல்லும்போதே இரண்டு தரம் சிரித்துக்கொண்டாள்.

பட்டம் அவளுக்கு வெறும் சட்டம் போட்டு மாட்டுகிற காகிதம் இல்லை. அவள் வேலை பார்க்கிற மர டிப்போவில் தலைமைக் கணக்கர் இந்த மாதத்தோடு விலகுகிறார். டிகிரியோடு வந்தால் அந்த நாற்காலி உனக்கு என்று முதலாளி வாய்விட்டே சொல்லியிருக்கிறார். வராவிட்டால் முதலாளியின் மைத்துனன் தயாராக நிற்கிறான். அவனுக்கு வரவு எது செலவு எது என்று தெரியாது, ஆனால் டிகிரி இருக்கிறது. இத்தனை வருஷம் அந்தக் கணக்கைத் தன் கையால் எழுதிவிட்டு, அவனுக்குக் கீழே கை கட்டி நிற்பதா? நினைத்தாலே சொர்ணவல்லிக்கு வயிறு எரிந்தது.

சும்மாவும் அவள் கேட்கவில்லை. இந்தப் பட்டத்துக்காக என்னவெல்லாமோ படித்துவிட்டாள். கணக்குக்காரிக்கு எதற்குச் செய்யுள் என்று கேட்காமல் தமிழ்ப் பேப்பர் எழுதினாள். ஸ்டாடிஸ்டிக்சில் அழுதாள், ஆனால் தாண்டினாள். கம்பெனி சட்டம், காஸ்டிங், வருமான வரி எல்லாம் ஆயிற்று. சுற்றுச்சூழல் பேப்பருக்காகக் கல்லூரி வளாகத்தில் குழி தோண்டி மரக்கன்று நட்டாள். வெட்டின மரத்தை விற்கிற டிப்போவில் வேலை பார்க்கிறவள் மரம் நட்டு மார்க் வாங்கின கதையை வகுப்பே சொல்லிச் சிரித்தது.

ஆடிட்டிங் மட்டும் இரண்டு தரம் காலை வாரிவிட்டது. இலக்கணம் மாதிரி மனப்பாடம் செய்ததெல்லாம் சரியாகத்தான் எழுதினாள். ஆனால் இரண்டு தரமும் ஒரு கணக்கைக் கொடுத்து, இதைத் தணிக்கை செய்து உன் கருத்தை எழுது என்று பெரிய கேள்வி ஒன்று வந்தது. இரண்டு தரமும் அவள், கணக்குகள் யாவும் சரியாக உள்ளன என்று அழகான கையெழுத்தில் எழுதிவிட்டு வந்தாள்.

“அடுத்தவங்க கணக்குல குத்தம் கண்டுபிடிக்கிறது என் குணத்துலயே இல்ல மேடம்,” என்றாள்.

நஸ்ரின் மேடம் விண்ணப்பத்தை வாங்கிப் படித்தாள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லவில்லை. போடலாமே என்றாள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, கூட உட்கார முடியுமா என்று கேட்டாள்.

மேசையில் ஒரு கட்டு. இந்த வருஷம் படிப்பை முடிக்கிற எல்லாருடைய மார்க் ஷீட்டும் அதில் இருந்தது. பட்டத்துக்கு வேண்டிய பேப்பர்கள் ஒவ்வொன்றையும் ஒருவர் வாசிக்க, மற்றவர் ஒவ்வொரு ஷீட்டிலும் அந்தப் பேப்பர் பாஸாகி இருக்கிறதா என்று பார்த்து டிக் போட வேண்டும். அதன் பிறகுதான் பெயர்கள் பல்கலைக்கழகத்துக்குப் போகும்.

சொர்ணவல்லிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இது அவளுக்குக் கைவந்த வேலை. வருஷா வருஷம் ஆடிட்டர் ஆட்கள் டிப்போவுக்கு வந்தால், அவர்கள் வாசிக்க வாசிக்க இவள்தான் வவுச்சர் பக்கம் உட்கார்ந்து டிக் போடுவாள். இவள் வேகத்துக்கு ஈடு கொடுக்க அவர்களில் ஆள் கிடையாது. அக்கா உட்கார்ந்தா டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும் என்று அவர்களே சொல்வார்கள். அதை மேடத்திடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மேடம் அவள் கையில் ஒரு பச்சை மைப் பேனாவைக் கொடுத்தாள்.

சொர்ணவல்லி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பச்சை மை ஆடிட்டருக்கு மட்டும்தான். டிப்போவில் அவளுக்கு நீலப் பென்சில்தான் கொடுப்பார்கள். ஆபீசில் வேறு யாரும் பச்சையைத் தொட்டுவிடக் கூடாது, யார் பார்த்தார்கள் யார் எழுதினார்கள் என்பது கலந்துபோகும். கையைப் புடவையில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டாள்.

மேடம் வாசிக்க ஆரம்பித்தாள். ஏற்ற இறக்கம் இல்லாத குரல். தமிழ். டிக். ஆங்கிலம். டிக். ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங். டிக். ஒரு ஷீட் முடிந்தால் அடுத்தது. மறுபடியும் தமிழ், மறுபடியும் ஆங்கிலம். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்கும் தாளம் பிடித்துக்கொண்டது. குரல் ஓட ஓடப் பேனா ஓடியது.

நடுவில் அவளுடைய மார்க் ஷீட்டே வந்தது. தன் பெயரைப் பார்த்ததும் சொர்ணவல்லிக்கு நெஞ்சு குதித்தது. பட்டம் வாங்குகிறவர்கள் கட்டுக்குள் தன் பெயர்! மேடம் குரலை மாற்றவில்லை. இவளும் நிறுத்தவில்லை. சந்தோஷத்தில் இன்னும் வேகமாகத்தான் கை ஓடியது.

கட்டு முடிந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மேடம் கேட்டாள்.

“எல்லாம் சரியா இருக்கு மேடம்.”

மேடம் கட்டுக்குள்ளிருந்து ஒரு ஷீட்டை உருவினாள். அதைச் சொர்ணவல்லி முன்னால் வைத்தாள். பக்கத்தில் விண்ணப்பத்தை வைத்தாள். தன் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

“எந்த இடத்துல கையெழுத்துப் போடணும் அக்கா?”

சொர்ணவல்லி விண்ணப்பத்தில் இடத்தைக் காட்டப் போனாள். போகிற வழியில் பார்வை பக்கத்து ஷீட்டில் பட்டது.

அவளுடைய ஷீட். ஆடிட்டிங். எதிரே இருபத்திரண்டு மார்க். அதற்கும் எதிரே, நல்ல அழுத்தமாக, பச்சையில் ஒரு டிக்.

காட்டப் போன விரல் அப்படியே நின்றுவிட்டது.

வேறு யாரும் அந்தப் பேனாவைத் தொடவில்லை. உலகத்திலேயே அவள் மறக்க முடியாத மார்க் அது. இரண்டு மாதம் தூக்கத்தைக் கெடுத்த மார்க். அதற்குத்தான் அவளே டிக் போட்டிருக்கிறாள்.

முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. காது சுட்டது. மேடத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்புறம் இரண்டு பரீட்சையிலும் எழுதிவிட்டு வந்த அந்த அழகான வரி ஞாபகம் வந்தது. அதன் பின்னாலேயே டிப்போ வவுச்சர்களில் வருஷா வருஷம் ஓடின தன் நீலப் பென்சில் ஞாபகம் வந்தது. வெட்கம் இருந்த இடத்தில் வேறு என்னவோ வந்தது. அது பயம் மாதிரி இல்லை. ராட்டினம் மேலே போய்த் திரும்புகிற நேரத்தில் வருமே, அந்த மாதிரி இருந்தது.

“மேடம்,” என்றாள். “நான் பாக்கவே இல்ல. உங்க குரலுக்குத்தான் டிக் போட்டிருக்கேன்.”

மேடம் பேனாவைப் பிடித்தபடியே காத்திருந்தாள். வாசலில் ஆபீஸ் பக்கம் போகிறவர்களின் செருப்புச் சத்தம் கேட்டது.

சொர்ணவல்லி விண்ணப்பத்தை ஓரமாகத் தள்ளினாள். கட்டை முழுசாகத் தன் பக்கம் இழுத்தாள். முதல் ஷீட்டை எடுத்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள், ஏதோ கிணறு தூர்வாரப் போகிறவள் மாதிரி.

“முதல்ல இருந்து வாசிங்க மேடம்.”

மேடம் வாசித்தாள். பேனா இந்தத் தடவை ஓடவில்லை. ஒரு பேப்பரை வாசித்தால், சொர்ணவல்லி பெயரைப் பார்த்தாள், மார்க்கைப் பார்த்தாள், அதற்கப்புறம்தான் ம் என்றாள். மேடம் வேகமாகப் போனால் கையைத் தூக்கி நிறுத்தினாள். ஒரு இடத்தில், கொஞ்சம் பேசாம இருங்க என்றுகூடச் சொல்லிவிட்டாள். சொன்னதை அவள் கவனிக்கவே இல்லை.

பாதிக் கட்டில் கார்த்தீசன் என்று ஒரு ஷீட் வந்தது. தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவன், வகுப்பில் கடைசி வரிசை. ஸ்டாடிஸ்டிக்ஸ் என்று மேடம் வாசித்தாள். ம் வரவில்லை.

சொர்ணவல்லி ஷீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பச்சை டிக் பளிச்சென்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் மார்க் என்று எதுவுமே இல்லை. வெறும் இடம்.

“இவன் இந்தப் பரீட்சைக்கு வரவே இல்ல மேடம்!”

அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். வராந்தாவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவளுக்கு அதெல்லாம் தெரியவில்லை. கண் அப்படிப் பளபளத்தது. பட்டமளிப்புக்குச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு, அங்கே போய்ப் பெயர் இல்லாமல் நிற்க இருந்த ஒருவனை அவள் கண்டுபிடித்துவிட்டாள். தன் கண்ணால் கண்டுபிடித்தாள்.

இதைக் குறித்துவைக்க வேண்டும். காகிதத்துக்காகக் கை மேசையில் துழாவியது. ஓரத்தில் கிடந்ததை எடுத்துத் திருப்பிப் போட்டு, வெள்ளையாக இருந்த முதுகில் கார்த்தீசனின் பெயரையும் பதிவெண்ணையும் பச்சையில் எழுதினாள்.

நஸ்ரின் மேடம் மணியைப் பார்த்தாள்.

“அக்கா, அது உங்க விண்ணப்பம். ஆபீஸ் மூடப் போறாங்க.”

“தெரியும் மேடம்,” என்றாள் சொர்ணவல்லி, ஷீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே. “அடுத்தது வாசிங்க. மெதுவா.”