கரும்பொன்னி போட்ட வேலி

கல்லும் கடலும் வாய்திறந்து பேசிய அந்தக் காலத்தில் பூமிக்கு வேலி என்று ஒன்று கிடையாது. சூரியன் வீட்டுப் பிள்ளைகளான மின்துகள்கள் கூட்டங்கூட்டமாகப் பறந்து வரும். பூமியின் காற்றை அள்ளிக்கொண்டு போகும். கேட்க நாதியில்லை.

பக்கத்து வீட்டுச் செவ்வாயின் கதை எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்த இரும்பெல்லாம், நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்று மேலேயே உட்கார்ந்து வெயில் காய்ந்தது. காற்று போயிற்று, கடலும் போயிற்று. மிஞ்சியது சிவப்புத் துருதான்.

பூமியின் இரும்புக் குலத்தில் மூத்தவள் கரும்பொன்னி. தம்பி சில்லான் அவளை விட்டு ஓரடி நகரமாட்டான். ஒருநாள் கடலம்மா மூச்சிரைக்க வந்தாள்.

"காத்துக்குப் பின்னால என் தண்ணியும் போகுது, பொன்னி. இன்னும் கொஞ்ச நாள்தான்."

கரும்பொன்னி எழுந்தாள். "நான் பூமியோட வயித்துக்குள்ள போறேன். அந்த அனல்ல உருகிச் சுத்திக்கிட்டே இருந்தா, என் பிடி வானம் வரைக்கும் எட்டி வேலியா நிக்கும்."

சில்லான் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "எப்பக்கா திரும்பி வருவ?"

"நான் சுத்தாம நின்னா வேலி விழுந்துடும்டா. வரமாட்டேன்."

"நீ இருக்கியா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உன்னைப் பிடிச்சு இழுப்பேன். திரும்பிப் பாரு."

சொன்னபடி இறங்கிவிட்டாள்.

மறுநாள் மின்துகள்கள் வழக்கமான மிடுக்கோடு வந்தன. முன்னால் வந்த தலைவன் செந்தழலன் பாதி வானத்தில் எதிலோ முட்டிக்கொண்டு நின்றான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் வந்த கூட்டம் அவன் முதுகில் மோதிக் குவிந்தது. அந்தப் பக்கம் வேலி கொஞ்சம் உள்ளே அமுங்கியது, அவ்வளவுதான். விழவில்லை.

"எவன்டா அவன்? முகத்தைக் காட்டச் சொல்லு" என்று உறுமினான் செந்தழலன்.

சில்லான் நெஞ்சை நிமிர்த்தினான். "அவன் இல்ல, எங்க அக்கா. முகம் காட்ட அவளுக்கு நேரமில்ல. சுத்திப் போங்க."

வேறு வழி? கூட்டம் பிரிந்து பூமியைச் சுற்றிக்கொண்டு போயிற்று. வட கோடியிலும் தென் கோடியிலும் வேலி தாழும் இடத்தில் புகுந்த சில துகள்கள் மட்டும், காற்றில் மோதிப் பச்சையும் சிவப்புமாய் ஒளிவிட்டு அடங்கின. கடலம்மா அன்றுதான் நிம்மதியாக அலையடித்தாள்.

அப்போது சில்லானை ஏதோ பிடித்து இழுத்தது. வடக்கே திரும்பினான். அழுகை வந்தது, பெருமையும் வந்தது. பெருமைதான் அதிகம்.

சில்லான் வழிவந்த திசைகாட்டி ஊசியை எப்படித் திருப்பி வைத்தாலும், கொஞ்சம் தத்தளித்துவிட்டு வடக்கே பார்த்து நிற்பது அன்று ஆரம்பித்த பழக்கம்தான். அக்கா இன்னும் நிற்கவில்லை என்று அது தெரிந்துகொள்கிறது.