மாசிலாமணியின் பட்டாம்பூச்சி

கூழ்ச்சாமிக்கு முடி இடுப்பு வரை. அதைச் சுருட்டி உச்சியில் ஏற்றி, சிவப்பு பிளாஸ்டிக் கிளிப் ஒன்றால் கவ்வ விட்டிருப்பார். பெண்கள் போடுகிற கிளிப். அதிலும் ஒரு பல் உடைந்தது.

மாசிலாமணி வந்த அன்றே அதைப் பார்த்துவிட்டார். பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

“சாமி, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு.”

“ஆம்பளை தலையில கிளிப் போடலாமா?”

சாமி கூழ் கிண்டிக்கொண்டிருந்தார். மலையடிவாரத்தில் யார் வந்து நின்றாலும் முதலில் கூழ், பிறகுதான் பேச்சு. அதனால் வந்த பெயர். மாசிலாமணியைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் எல்லோரையும் நீ என்பார். அம்மனையே நீ என்கிறவருக்கு மாசிலாமணி எம்மாத்திரம்.

மாசிலாமணி லேசுப்பட்ட ஆள் இல்லை. டவுன் கோதாவில் முதுகில் மண் ஒட்டாத பயில்வான். மீசை மட்டும் கால் கிலோ தேறும். போன வருஷம் அவர் பெண்டாட்டி சுந்தரவல்லி படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தின் வேகத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. தலையணையில் கிடந்த முடியை அள்ளிக்கொண்டு நேரே அம்மன் முன்னால் போய் நின்றார் பயில்வான்.

“அவ எழுந்து நடக்கட்டும் தாயே. அதுவரைக்கும் என் தலையில கத்தி படாது. நடந்துட்டா தீச்சட்டி எடுக்கறேன். அப்புறம் மொட்டை.”

வல்லி எழுந்தாள். நடந்தாள். இப்போது அவள் நடக்கிற நடைக்கு இவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. நேர்த்திக்கடன் பாக்கி. தீச்சட்டி எடுக்கிறவனுக்கு ஒரு குரு காப்புக் கட்ட வேண்டும்; திருவிழா வரை அவர் சொல்படி கிடக்க வேண்டும். அதற்குத்தான் இங்கே வந்து கிடந்தார்.

சாமி கரண்டியை வைத்தார். கிளிப்பை எடுத்தார். அவ்வளவு முடியும் சரிந்து பானைக்குள் விழுந்தது. அப்படியே இரண்டு கிண்டு கிண்டி, ஒரு சட்டியில் ஊற்றி நீட்டினார்.

“குடி.”

மாசிலாமணி சட்டிக்குள் பார்த்தார்.

“சாமி, முடி கிடக்கு.”

“யாரு முடி?”

“உங்க முடிதான்.”

“ஆம்பளை முடிதானே. குடி.”

மாசிலாமணி சட்டியைத் தரையில் வைத்துவிட்டார். சாமி முடியை அலசி, சுருட்டி, ஏற்றி, டப்பென்று கிளிப்பைக் கவ்வ விட்டார். அடுத்த பானையிலிருந்து வேறு கூழ் ஊற்றிக் கொடுத்தார். மாசிலாமணி குடித்தார். கூழ் இறங்கியது. கேள்வி இறங்கவில்லை.

அவரு சாமி, அவருக்கென்ன என்று நினைத்துக்கொண்டார். கோதாப் பயல்கள் திருவிழாவில் வந்து நிற்கப்போவது என் எதிரில் அல்லவா.

அவர் முடி ஒரு ரெண்டுங்கெட்டான் முடி. குடுமிக்கு எட்டாது, கண்ணுக்கு எட்டும். சட்டியில் மணலை நிரப்பி, இரண்டு கையிலும் ஏந்தி நடக்கச் சொல்லிப் பழக்கினார் சாமி. நாலு அடி வைத்தால் முடி முகத்தில் விழும். ஒதுக்கக் கை கிடையாது. துண்டு கட்டலாம் என்றால், அம்மன் வீதியில் எந்தக் கொம்பனும் தலையில் துணியோடு நடக்கக் கூடாது. பண்ணையாரானாலும் துண்டு இடுப்புக்கு இறங்கியாக வேண்டும்.

“முடியை அடக்கு,” என்றார் சாமி.

“அடங்கிரும் சாமி.”

“எப்படி?”

“அது என் பாடு.”

திருவிழாவுக்கு முந்தின நாள் வல்லி வந்தாள். கையில் ஒரு பிஸ்கட் டப்பா. திறந்தாள். உள்ளே அவளுடைய கிளிப்புகள். அவள் தலையில் இப்போதுதான் இரண்டு விரல் உயரத்துக்கு முடி வந்திருந்தது, அறுத்த வயலில் மறுபடி துளிர்த்த மாதிரி. டப்பாவை மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

மஞ்சள் பட்டாம்பூச்சி ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“இதைப் போட்டுக்கிட்டா முடி விழாதுங்க.”

“யாரு, நானா?”

“பின்ன, அம்மனையா சொன்னேன்?”

“அடி போடி. அந்தச் சங்கிலிப் பய வர்றான். கோதாவே வருது. பட்டாம்பூச்சி குத்திக்கிட்டு அவனுங்க முன்னால நடந்தேன்னா, அப்புறம் நான் அந்த மண்ணுல காலை வைக்க முடியுமா?”

வல்லி பட்டாம்பூச்சியை முந்தானையில் துடைத்து டப்பாவுக்குள் வைத்தாள்.

“சரி. என் தலையிலயும் நிக்காது, உங்க தலையிலயும் நிக்காது. இந்த வருஷம் இதுக்கு உட்கார இடமில்ல.”

டப்பாவை மூடிவிட்டாள். கோபமில்லை. அதுதான் மாசிலாமணிக்கு ஒருமாதிரி இருந்தது.

மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டு சாமி முன்னால் வந்து நின்றார். தலை பளபளவென்று இருந்தது. எருமை முதுகு மாதிரி. ஒரு முடி அசையவில்லை.

சாமி மூக்கை உறிஞ்சினார்.

“என்ன தடவினே?”

“விளக்கெண்ணெய் சாமி. அரை பாட்டில். புயல் அடிச்சாலும் அசையாது.”

சாமி அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

“கையில தீ. தலையில எண்ணெய். தீச்சட்டி எடுக்கறேன்னு வேண்டினியா, விளக்கு ஏத்தறேன்னு வேண்டினியா?”

மாசிலாமணிக்கு அப்போதுதான் உறைத்தது.

“போய் அலசு.”

அரைப்படி சீயக்காய் போயிற்று. தலை காய்ந்தது. முடி இலவம்பஞ்சு வெடித்த மாதிரி நாலு பக்கமும் எழும்பி நின்றது. முன்னைவிட மோசம். நேரமில்லை. சாமி சட்டியில் நெருப்பிட்டு, அடியில் வேப்பிலை கொடுத்துக் கையில் ஏற்றிவிட்டார்.

“எடுத்த சட்டி கோயில்லதான் இறங்கணும். நடுவுல தரையில பட்டா வேண்டுதல் பட்டுப்போச்சு. தெரியும்ல?”

“தெரியும் சாமி.”

“நட.”

தெருவைத் தாண்டும் வரைக்கும் நன்றாகத்தான் நடந்தார். மேளம் முன்னே. கோதாப் பயல்கள் பக்கத்தில். சங்கிலி, அவருடைய பழைய கூட்டாளி, நெற்றியில் ஒரு கற்றை முடியைக் கதாநாயகன் மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு, கும்பலை விலக்கி வழி செய்தபடி வந்தான்.

கண்மாய்க் கரை ஏறினார்கள். அங்கே காத்துக்கொண்டிருந்தது காற்று.

முடி முதலில் கண்ணில் விழுந்தது. பிறகு மூக்கில். பிறகு நெருப்பை எட்டிப் பார்த்தது. மாசிலாமணி “ஃபூ” என்று ஊதினார். முடி போகவில்லை. ஊதின ஊதலில் தீதான் குபீரென்று எழும்பியது. நுனிமுடி கருகிய வாடை.

“தலையை ஆட்டுடா மாசி!” என்று கத்தினான் சங்கிலி.

ஆட்டினார். சட்டியும் ஆடியது. கங்கு ஒன்று காலடியில் விழுந்தது. கூட்டம் ஆ என்றது.

அவர் நின்றுவிட்டார். கண் தெரியவில்லை. கை சுட ஆரம்பித்தது. எத்தனை பயில்வான்களைத் தூக்கி எறிந்த கை. இந்தச் சட்டியை எறிய முடியாது. இதில் எரிவது வல்லி பேரில் வைத்த வேண்டுதல்.

சங்கிலி ஓடி வந்தான். “நான் முடியைப் பிடிச்சுக்கிட்டே வர்றேண்டா.”

சாமி தடியைக் குறுக்கே நீட்டினார். “காப்புக் கட்டினவனை வீட்டு ஆளைத் தவிர யாரும் தொடக் கூடாது.”

மாசிலாமணி கும்பலுக்குள் தேடினார். முடிக்குள்ளிருந்து தேடுவதால் ஒன்றும் தெரியவில்லை.

“வல்லி!”

“இங்கதாங்க இருக்கேன்.”

“அந்த டப்பா…”

“என்னங்க? மேளத்துல காது கேக்கல.”

“டப்பாடி, டப்பா!”

“எந்த டப்பா?”

எந்த டப்பா என்று அவளுக்குத் தெரியும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவளுக்குத் தெரியும் என்று. ஆனால் இவருக்குத்தான் அவள் முகம் தெரியவில்லையே. மூச்சை இழுத்துப் பிடித்து, கோதாவில் சவால் விடுகிற குரலில் கத்தினார்.

“பட்டாம்பூச்சியை வையிடி!”

மேளக்காரன் அந்த நேரம் பார்த்துத்தான் கையை நிறுத்தினான். கண்மாய்க்கு அக்கரையில் மேய்ந்த மாடுகூடத் திரும்பிப் பார்த்தது.

வல்லி இடுப்பில் இடுக்கியிருந்த டப்பாவை எடுத்தாள். அவள் உயரம் அவர் தோளுக்கு. எட்டவில்லை.

மாசிலாமணி கைகளை நீட்டிச் சட்டியை முன்னால் தள்ளிப் பிடித்தார். முதுகு வளையாமல், பஸ்கி எடுப்பதுபோல மெல்ல இறங்கினார். பாதி இறக்கத்தில் அப்படியே நின்றார். தொடை இரண்டும் தூண்மாதிரி இறுகின. கோதாப் பயல்கள் வாயைப் பிளந்தார்கள். எரிகிற சட்டியோடு அந்த நிலையில் நிற்க அவர்களில் ஒருத்தனாலும் ஆகாது.

வல்லி அவசரப்படவில்லை. முடியை விரலால் கோதினாள்.

“சீக்கிரம் வல்லி. தொடை நடுங்குது.”

“இருங்க. வகிடு கோணலா இருக்கு.”

“வகிடு கெட்ட கேடு!”

மஞ்சள் பட்டாம்பூச்சி முன்நெற்றியில் உட்கார்ந்தது. அடுத்துப் பச்சை ஒன்று காதுக்கு மேல். அடுத்து, கல் வைத்தது, மறுபக்கம்.

“ஒண்ணு போதாதாடி?”

“இந்தக் காத்துக்கா?”

மாசிலாமணி எழுந்தார். யாரோ ஒரு பெண் குலவை போட்டாள். அப்புறம் கரை முழுக்கக் குலவை. மேளம் பிடித்துக்கொண்டது.

சங்கிலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “டேய் மாசி! கல்யாணப் பொண்ணாட்டம் இருக்கேடா!”

“கல்யாணம் ஆனவன்டா நான். பெண்டாட்டி கிளிப்பு வச்சு விட்டிருக்கா. உனக்கு வச்சு விட ஆளு இருக்கா?”

கோதா மொத்தமும் சங்கிலியைப் பார்த்துச் சிரித்தது. அவனுக்கு இன்னும் பெண் அமையவில்லை.

மாசிலாமணி நடந்தார். காற்று முட்டி மோதிப் பார்த்தது. ஒரு முடி அசையவில்லை. பாதை முழுக்கத் தெரிந்தது. கோபுரம் தெரிந்தது. பக்கத்தில் வல்லி தெரிந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திப் பொத்திச் சிரித்துக்கொண்டு வந்தாள். பொத்தியும் அடங்கவில்லை. அவள் இப்படிச் சிரித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் கை சுட்டது அவருக்குத் தெரியவில்லை.

அம்மன் வாசலில் சட்டி இறங்கியது.

முடி எடுக்கிற இடத்தில் உட்கார்ந்தபோது நாவிதர், “கிளிப்பைக் கழட்டுங்க பயில்வான்,” என்றார்.

மாசிலாமணி கையைத் தூக்கினார். இறக்கினார்.

“நாளைக்கு எடுத்துக்கலாமா?”

“வேண்டுதல் நாளைக்கா, இன்னைக்கா?”

கழற்றிக் கொடுத்தார்.

சாயங்காலம் மலையடிவாரத்தில் எல்லோருக்கும் கூழ். மாசிலாமணியின் மொட்டைத் தலை சந்தனத்தில் மினுங்கியது. மடியில் பிஸ்கட் டப்பா. மஞ்சள் பட்டாம்பூச்சியை எடுத்து, என்னமோ தோன்றி, வல்லியின் இரண்டு விரல் முடியில் வைத்துப் பார்த்தார். சறுக்கியது. மறுபடி வைத்தார். நின்றது. ஒரே ஒரு பல் பிடித்திருந்தது. ஆனாலும் நின்றது.

வல்லி கழுத்தைத் திருப்பவே இல்லை. விழுந்துவிடுமாம். அதற்கப்புறம் நேராகப் பார்த்தபடியேதான் பேசினாள்.

மாசிலாமணி சாமியிடம் போனார்.

“சாமி, எனக்கு இனிமே கிளிப்புக்கு வேலையில்ல. ஆனா கேட்ட கேள்விக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல.”

“என்ன கேள்வி?”

“ஆம்பளை தலையில கிளிப் போடலாமா?”

சாமி கரண்டியைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற சங்கிலியைப் பார்த்தார். கரண்டியைத் தூக்கி அவன் கையில் கொடுத்தார்.

“ரெண்டு கையாலயும் கிண்டு. விட்டா அடிப்பிடிச்சிரும்.”

சங்கிலி கிண்டினான். பயில்வான் கை, கூழ் சுழன்றது. குனிந்து கிண்டக் கிண்ட, நெற்றிக் கற்றை கண்ணில் விழுந்தது. அப்புறம் பானையை எட்டிப் பார்த்தது. வரிசையில் சட்டியோடு நின்றவர்கள் எல்லோரும் அந்தக் கற்றையையே பார்த்தார்கள்.

சங்கிலி “ஃபூ” என்று ஊதினான்.

முதலில் வல்லி சிரித்தாள். பட்டாம்பூச்சி குலுங்கியது. விழவில்லை.

சங்கிலி தலையைத் தூக்காமல் முனகினான். “டேய் மாசி… அந்தப் பச்சை…”

சாமி மாசிலாமணி பக்கம் திரும்பினார்.

“பச்சை வேண்டாம். இவனுக்குக் கல் வச்சது எடுப்பா இருக்கும். குத்து. ஜனம் பசியில நிக்குது.”