துரை கேட்ட ஒரு சிட்டிகை உப்பு

முன்னொரு காலத்தில், வெள்ளைக்காரர்கள் கப்பலேறி வந்து மிளகு வாங்கிப்போன நாட்களில், முத்தாம்பட்டணம் என்ற சின்னச் சீமையை வீரபூபதி ராஜா ஆண்டுவந்தார். மனுஷன் நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. போதாக்குறைக்குப் பாட்டுக் கட்டும் பைத்தியம் வேறு. அவர் வாயைத் திறந்தால் சபையே "ஆகா, ஆகா" என்று தலையாட்டும். எல்லோருக்கும் முந்தி ஆடுகிற தலை ஆஸ்தான வித்துவான் அகோரமூர்த்தியுடையது.

ஒருநாள் மிளகு வியாபாரத் துரை ஒருவர் சபைக்கு வந்திருந்தார். ராஜா பாடினார். சபை ஆடியது. "என் பாட்டைச் சபையார் எப்படி மெச்சறாங்க பார்த்தீரா?" என்று ராஜா துரையைக் கேட்டார். துரை சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். அதைத் தமிழில் சொல்லவேண்டிய துபாஷி ராயப்பன் ராஜாவையும் சபையையும் ஒருமுறை பார்த்தான்.

"இந்தப் புகழ்ச்சியை அப்படியே நம்பிடாதீங்கன்னு சொல்றார், மகாராஜா."

ராஜா முகம் சுருங்கியது. அகோரமூர்த்திக்கு ஆத்திரமான ஆத்திரம். இருந்தாலும் அவர் கெட்டிக்காரர், துரையின் கப்பல் பாய்விரித்துப் போகும்வரை வாயைத் திறக்கவில்லை. போனதும் திறந்தார்.

"மகாராஜா, துரை வாயிலே 'சால்ட்'ங்கிற வார்த்தை வந்தது. என் காதாலே கேட்டேன். சால்ட்னா உப்பு. துரையோட சமையல்காரன்கிட்டயே விசாரிச்சுட்டேன். அவர் ஒரு சிட்டிகை உப்பு கேட்டிருக்கார். இந்தத் துபாஷிப் பயல் அதை மாத்திச் சொல்லி நம்ம சபையையே அவமானப்படுத்திட்டான்!"

"துரை உப்புன்னு சொன்னாராடா?" என்று ராஜா ராயப்பனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"சொன்னார், மகாராஜா. சந்தேகப்படவேண்டிய பேச்சை ஒரு சிட்டிகை உப்போட எடுத்துக்கோன்னு சொல்றது அவங்க வழக்கம். வேலையிலே கெட்டிக்காரனை, தின்ற உப்புக்குத் தகுந்தவன்பாங்க. நல்ல சனங்களைப் பூமியோட உப்புன்னே சொல்லுவாங்க."

"ஒரே உப்புக்கு இத்தனை அர்த்தமா? கதை விடறான்!" என்றார் அகோரமூர்த்தி.

ராஜாவுக்கும் அப்படித்தான் பட்டது. "என்னோட பிறந்த நட்சத்திரம் வருது. அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ளே நீ சொன்னது மெய்தான்னு நிரூபணம் ஆகணும். இல்லேன்னா பெண்டாட்டி பிள்ளைகளோட நாட்டை விட்டு வெளியே போ" என்றார்.

கேட்க வேண்டிய துரையோ நடுக்கடலில். ராயப்பன் மந்திரி திருமேனிநாதர் வீட்டு வாசலில் போய் நின்று அழுதான். மந்திரி, "வீட்டுக்குப் போ. கேட்கிற கேள்விக்கு உள்ளதைச் சொல்லு, போதும்" என்றார்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த நட்சத்திரத்தன்று ராஜாவே அடுப்பங்கரையில் நின்று கற்கண்டுப் பொங்கல் கிண்டி, தன் கையால் சபையாருக்குப் பரிமாறுவார். எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் அவர் வாயில் வைப்பார். இந்தத் தடவையும் கிண்டினார். நெய் ஒழுக, முந்திரி மிதக்க, பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

முதல் இலை அகோரமூர்த்திக்கு. ஒரு வாய் போட்டார். கண் பிதுங்கியது. மறுநொடி, "அமிர்தம், மகாராஜா! தேவலோகத்திலேகூட இந்தத் தித்திப்பு கிடைக்காது!" என்றார். அடுத்த இலைக்காரர் இருமிக்கொண்டே, "கற்கண்டு கொஞ்சம் தூக்கல், அதுதான் அழகு" என்றார். பந்தி முழுக்க அமிர்தம், அமிர்தம் என்ற பேச்சுதான். தண்ணீர்ச் செம்புகள் மட்டும் காலியாகிக்கொண்டே இருந்தன.

கடைசி இலை ராயப்பனுக்கு. அவன் வாயில் வைத்தான்.

"எப்படிடா இருக்கு?" என்றார் ராஜா.

பாவம், அவன் என்ன செய்வான்? அமிர்தம் என்று ஒரு சொல் சொன்னால் ராஜா குளிர்ந்துபோய் மன்னித்தாலும் மன்னிப்பார். அவனுக்குத் தன் பிள்ளைகள் முகம் நினைவுக்கு வந்தது. மந்திரியைப் பார்த்தான். மந்திரி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகாராஜா, மன்னிக்கணும். ஒரே உப்பு. வாயிலே வைக்க முடியலே."

"பார்த்தீங்களா திமிரை!" என்று துள்ளினார் அகோரமூர்த்தி. ராஜா கோபத்தோடு ஒரு கவளம் அள்ளித் தன் வாயில் போட்டார். போட்ட வேகத்தில் துப்பினார்.

"எவன்டா இந்த வேலை பார்த்தது?"

மந்திரி எழுந்தார். "நான்தான். கற்கண்டுப் பொடிக் கிண்ணத்தை எடுத்துட்டு உப்புப் பொடிக் கிண்ணத்தை வச்சேன். தண்டனை எதுவானாலும் ஏத்துக்கறேன். ஆனா இத்தனை பேர் தித்திப்புன்னு சத்தியம் பண்ணினாங்களே, இதை அப்படியே நம்பிடாதீங்கன்னுதானே துரை சொல்லிட்டுப் போனார்? வேற நிரூபணம் வேணுமா?"

ராஜா வரிசையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாம் இலையைப் பார்த்துக் குனிந்திருந்தன. "அப்போ என் பாட்டு?" என்று மெதுவாகக் கேட்டார். ராஜாவுக்கு உண்மையாகவே வலித்தது. பிறகு, எங்கிருந்தோ சிரிப்பு வந்துவிட்டது. தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து ராயப்பனுக்குப் போர்த்தினார்.

"நீ எங்கேயும் போகவேண்டாம். இனிமே என் பாட்டை நீதான் முதல்லே கேட்கணும்" என்றவர், அகோரமூர்த்தி பக்கம் திரும்பினார். "ஓய், தேவலோகத்திலே கிடைக்காததாச்சே! மிச்சம் பானையிலே இருக்கிறது பூராவும் உமக்குத்தான். சாப்பிடும்."

வித்துவான் ஒரு கவளம் தின்றார். இன்னொன்று தின்றார். மூன்றாவதை எடுத்த கை பாதியில் நின்றது.

"மகாராஜா... கரிக்குது."

"இத்தனை வருஷமா என் உப்பைத் தின்னீர்" என்றார் ராஜா. "இன்னிக்குத்தான் உறைச்சிருக்கு."