பேர் கேட்கும் வாசல்

வேலாங்குளத்து இருளாண்டிக்குக் கிணற்று மோட்டாருக்கு மின் இணைப்பு வேண்டும். விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். தவறினால் மிளகாய்ச் செடி கருகிவிடும். மின் அலுவலகத்து இணையதளமோ, "உங்கள் பிரவுசர் ஏற்கப்படாது" என்று அவன் பழைய போனுக்குக் கதவடைத்தது.

அலுவலகத்துக்கே போய்க் கேட்டபோதும் அதிகாரி நமச்சிவாயம் நாற்காலியைவிட்டு அசையவில்லை. "நாங்க ஏத்துக்கிற பெரிய பிரவுசரைப் போட்டுட்டு வாய்யா. கண்டதுலயும் எங்க தளம் ஓடாது."

"அது இந்தப் போன்ல ஏறாதுங்களே."

"அப்போ மானத்தைப் பாத்து விவசாயம் பண்ணு!"

வரிசையில் நின்ற நாற்பது பேரும் இதே பதிலை வாங்கியவர்கள்தான். இருளாண்டி தன் பிரவுசரின் அமைப்புகளைத் துழாவி ஒன்றை மாற்றினான். தளம் திறந்தது. விண்ணப்பம் ஏறி, ஒப்புகை எண்ணும் வந்துவிட்டது.

அதிகாரி எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களாய்யா? நான் சொன்னதைப் போட்டான், எப்படி ஓடுது பாருங்க!"

"எதையும் போடலைங்க ஐயா. அதே பிரவுசர்தான். உள்ளே வர்ற பிரவுசர்கிட்ட உங்க தளம் பேரைத்தான் கேக்குது; நீங்க சொன்ன பெரிய பிரவுசர் நான்தான்னு அதைப் பொய்ப் பேர் சொல்ல வச்சேன். உங்க தளம் கும்பிட்டு உள்ளே விட்டுருச்சு. ஓடாததுன்னா இப்ப எப்படிங்க ஓடுச்சு? பேரைக் கேட்டு வெளியே நிறுத்துற வாசல் எங்களுக்குப் புதுசா என்ன?"

நாற்பது போன்கள் இருளாண்டி பக்கம் நீண்டன.

"அண்ணே, அதை எங்கே மாத்தணும்?"