பச்சைத் துண்டில் வந்த புழு

சிங்கப்பூரில், யீஷூனில், பதினோராவது மாடி வீட்டில் வாசுகி பவளம் வளர்த்துவந்தாள். மருத்துவமனையில் தாதி வேலை. நாளெல்லாம் பிறர் முனகலைக் கேட்டுவிட்டு வீடு திரும்பினால், சோறு போட்டுக்கொள்ளும் முன் பவளம் வளரும் கடல்நீர்த் தொட்டியின் எதிரே உட்கார்ந்துவிடுவாள்.

பவளம் வளர்க்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் பெர்னார்ட். அவளைவிட வயதில் மிகவும் சின்னவர். ஆனாலும் அவள் அவரை மாஸ்டர் என்பாள். அவர் அவளை அக்கா என்பார்.

ஒருநாள் பெர்னார்ட் தன் தொட்டியிலிருந்த பச்சைக் கிளைப்பவளத்தில் ஒரு துண்டை ஒடித்துக் கொடுத்தார். வாசுகி அதைப் பிரசாதம்போல் வாங்கிவந்து, நேரே தன் தொட்டியில் வைத்தாள்.

அதன் பிறகுதான் ஆரம்பித்தது. மற்றக் கிளைப்பவளங்கள் வெளிறின. யாரோ நகத்தால் கிள்ளியதுபோல் மேலெல்லாம் வெள்ளை வட்டங்கள். ஒரு கிளையை எடுத்து மருந்துத் தண்ணீரில் ஆட்டினாள். பவளத்தைத் தின்னும் தட்டைப்புழுக்கள் சுருண்டு விழுந்தன. பவளத்தின் நிறமே அவற்றுக்கும். அதனால்தான் இத்தனை நாள் கண்ணில் படவில்லை.

எங்கிருந்து வந்தன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை. தானே கழுவிக் கழுவிப் பார்த்தாள். போனவை திரும்பி வந்தன. பாதித் தொட்டி வெளுத்த பிறகு போன் செய்தாள்.

"தட்டைப்புழு மாஸ்டர். எப்படி வந்துச்சுன்னே தெரியல."

பெர்னார்ட் வந்தார். பவளங்களை ஒவ்வொன்றாக வாளியில் இறக்கி, கிளைகளின்மேல் மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சினார். புழுக்கள் உதிர்ந்தன.

"அவ்ளோதானா மாஸ்டர்?"

"புழு விழுந்திருக்கு. முட்டை அப்படியே இருக்கு. மருந்து அதை ஒண்ணும் செய்யாது."

பச்சைத் துண்டைத் திருப்பிக் காட்டினார். அடியில், சதை செத்த இடத்தில், பழுப்பு மணிகள் அடையாக ஒட்டியிருந்தன. மற்ற எதிலும் இவ்வளவு இல்லை.

அவர் அதைத் தனியே எடுத்து வைத்தார்.

"இதை வைக்கிறதுக்கு முன்னாடி மருந்துல முக்கினீங்களா அக்கா?"

வாசுகி தரையைப் பார்த்தாள்.

"நீங்க கொடுத்ததாச்சேன்னு முக்கல மாஸ்டர்."

"அப்போ என் தொட்டியிலயும் இருக்கு."

அவர் குரலில் கோபம் இல்லை. வாசுகிக்கு அழுகை முட்டியது.

"புழுவைப் பார்த்த அன்னைக்கே எனக்குத் தெரியும். சொன்னா உங்களைக் குறை சொல்ற மாதிரி ஆயிடுமேன்னு..."

பெர்னார்ட் சின்னக் கத்தியை அவள் கையில் கொடுத்தார். "சுரண்டுங்க."

சுரண்ட முடியாத இடத்தை ஒடிக்க வேண்டியிருந்தது. கட்டைவிரல் அளவில் வாங்கி, விரித்த கைவிசிறி அளவுக்கு அவள் வளர்த்த ஊதாப் பவளத்தின் அடி முழுக்க முட்டை. வாசுகி கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். அவர் காத்திருந்தார். பிறகு அவளே ஒடித்தாள்.

வாரம் தவறாமல் முக்கினாள், சுரண்டினாள். விடுமுறை நாளில் பெர்னார்ட் வீட்டுக்குப் போய் அவருக்கும் கைகொடுத்தாள். அங்கே காலம் கடந்துவிட்டிருந்தது. பச்சைத் தாய்ப்பவளத்தைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. கிளைப்பவளம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இவள் தொட்டி பிழைத்தது. ஒரு காலை, இரவு வேலை முடிந்து வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வெட்டுப்பட்ட துண்டுகளிலெல்லாம் நிறம் ஏறியிருந்தது. கிளைக்குக் கிளை பவளங்கள் தம் குட்டி வாய்களைப் பூப்போல நீட்டியிருந்தன. சீருடையைக்கூட மாற்றாமல், தன்னந்தனியாகச் சிரித்தாள்.

நன்றாகத் தேறிவிட்டது என்று உறுதியான பிறகு, ஊதாவில் நல்ல துண்டு ஒன்றைப் பையில் தண்ணீர் நிரப்பி எடுத்துப்போய் பெர்னார்டிடம் நீட்டினாள்.

அவர் முகம் மலர்ந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அடுத்த நிமிடம் கிண்ணத்தில் மருந்தைக் கலக்கி, துண்டை அதில் இறக்கினார்.

வாசுகிக்குச் சுருக்கென்றது.

"என் தொட்டிதான் சுத்தமாயிடுச்சே மாஸ்டர். என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு அக்கா. அதனாலதான் உங்க கண் முன்னாடியே முக்குறேன்."