முன்னால் நடந்தவர்

"அம்மை, என்னை என்னத்துக்கு முன்னால விட்டிய?"

தாணுலிங்கம் இதைக் கேட்டபோது சாயங்காலம். அவர் மூக்கு சிவந்திருந்தது. குளிரிலா கோபத்திலா என்று அவருக்கே தெரியாது.

அம்மை கூடாரத்துக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுக்குத் தண்ணீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பின்னால வாங்க அண்ணாச்சி," என்றார் ஒரு மிடறு குடித்துவிட்டு.

அவ்வளவுதான்.

அம்மைக்கு ஐம்பத்துச் சொச்சம் வயது. தாணுலிங்கத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. இளையவரைக் குருவாகக் கொண்டதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது.

நாகர்கோவில் பக்கம் அம்மைக்கு ஒரு சின்ன மடம் உண்டு. பசித்து வருகிறவர்களுக்குச் சோறு, போக்கிடம் இல்லாதவர்களுக்குப் பாய். மடம் என்றால் அதுதான். இந்தப் பயணம் புறப்படுவதற்கு முன் அம்மை எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"இமயமலையில ஒரு குளம் இருக்கு. பாத்துட்டு வருவோம். எனக்குப் பெறகு மடத்தை யாரு பாக்கணும்ங்கத அந்தக் குளத்தங்கரையில வச்சுச் சொல்லுதேன்."

அன்றோடு தாணுலிங்கத்துக்குத் தூக்கம் போயிற்று.

மடத்தில் அவரைவிடப் பழைய ஆள் கிடையாது. பானை கழுவியிருக்கிறார், புண்ணுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார், அனாதைப் பிணத்துக்குக் கொள்ளி வைத்திருக்கிறார். மடம் வேண்டும் என்று ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் வேண்டும். ரொம்பவே வேண்டும்.

முதல் நாள் காலையில், வழிகாட்டி பல்பீர் எல்லோரையும் கொஞ்ச தூரம் நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு அம்மையிடம் இந்தியில் ஏதோ கேட்டார். இளவயதில் வடக்கே சுற்றியவர் என்பதால் அம்மைக்கு அந்தப் பாஷை தெரியும். அம்மை தாணுலிங்கத்தைக் கை காட்டினார்.

"அண்ணாச்சி, பல்பீருக்கு அடுத்தாப்பல நீங்க நடங்க. உங்களை யாரும் தாண்டப்படாது. நான் எல்லாருக்கும் பின்னால வாறேன்."

தாணுலிங்கம் முன்னால் போய் நின்றார். குளம் வரைக்கும் போவானேன், இங்கேயே சொல்லியாயிற்றே என்று நினைத்துக்கொண்டார்.

முதல் ஆள் முதல் ஆளைப் போல நடக்க வேண்டாமா? நடந்தார். பல்பீரின் குதிகாலை மிதிக்காத குறை. பல்பீர் திரும்பிப் பார்ப்பார். ஆள் ஒட்டிக்கொண்டு வருவதைக் கண்டு, பரவாயில்லையே என்று இன்னும் எட்டிப் போடுவார். தாணுலிங்கமும் எட்டிப் போடுவார்.

ஒரு பள்ளத்தாக்கு முடிந்தால் இன்னொன்று. ஏறுவது, இறங்குவது, ஆற்றைத் தாண்டுவது, மறுபடி ஏறுவது. முதலில் மரங்கள் தீர்ந்தன. பிறகு புதர்கள் தீர்ந்தன. அதற்கப்புறம் கல்லும் மஞ்சள் புல்லும்தான்.

மலையைக் கண்டு மெய்மறந்தேன் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் ஊருக்குத் திரும்பி, காலுக்கு வெந்நீர் ஊற்றிய பிறகு சொல்கிறவர்கள். நடக்கிறபோது காலும் மூச்சும்தான் தெரியும். அடுத்த வளைவுக்கு அப்பால் கூடாரம் இருக்காதா என்று மனசு பிச்சை கேட்கும். வளைவுக்கு அப்பால் இன்னொரு வளைவு இருக்கும்.

சாயங்காலமானால் தாணுலிங்கம் கட்டை போல விழுவார். கிச்சடியைக் கண்டால் குமட்டும். ஷூவைக் கழற்றவே தெம்பு இருக்காது. ஆனாலும் படுத்தபடியே மற்றவர்களுக்குப் புத்தி சொல்வார்.

"தண்ணி நெறயக் குடிங்க மக்கா. மூக்கால மூச்சு விடுங்க. நான் எப்படி நடக்கேன்னு பாத்தியளா?"

சங்கரவடிவு அவரைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். மடத்து அடுக்களை அவள் பொறுப்பு. புருஷன் இருந்தவரைக்கும் டெல்லியில் குடியிருந்தவள், இந்தி பேசுவாள். தங்குகிற இடத்திலெல்லாம் பல்பீரிடம் வாயாடுவாள்.

நாலாம் நாள் சாயங்காலம் தாணுலிங்கம் அவளைக் கூப்பிட்டுப் பெரிய மனசோடு சொன்னார்.

"நீ ஒண்ணும் கவலைப்படாத வடிவு. பொறுப்பு யாருக்கு வந்தாலும் அடுக்களை ஒனக்குத்தான். நான் பாத்துக்கிடுதேன்."

அவளுக்கும் அன்று கால் கொப்புளம் உடைந்திருந்தது. பொறுமையும் அதோடு உடைந்தது.

"அண்ணாச்சி, நீங்க என்ன நெனச்சிக்கிட்டு இருக்கிய? மலையில மெதுவா நடக்குத ஆளத்தான் முன்னால விடுவாவளாம். வேகமா நடக்குத ஆளை முன்னால விட்டா கூட்டம் பிரிஞ்சு போகுமாம். பல்பீர் சொன்னாரு. அதுக்குத்தான் நீங்க முன்னால."

சொன்ன பிறகு அவள் முகம் வாடிவிட்டது. அதற்குள் தாணுலிங்கம் எழுந்து பல்பீரிடம் போய்விட்டார். பாஷை தெரியாததால் கையால் கேட்டார். தன்னைக் காட்டினார், முன்பக்கத்தைக் காட்டினார், ஆமை போல நடந்து காட்டினார். பல்பீர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அதன் பிறகுதான் அம்மையின் கூடாரத்துக்குப் போய் அந்தக் கேள்வியைக் கேட்டது.

மறுநாள் காலையில் சங்கரவடிவு முன்னால் போனாள். தாணுலிங்கம் பின்னால் போய் நின்றார். அங்கே அம்மை கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"வாங்க அண்ணாச்சி," என்றார், வீட்டுக்கு வந்தவரைக் கூப்பிடுவது போல.

தாணுலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் முன்னால் போனவர்கள் புள்ளியாகிவிட்டார்கள். அவர்கள் ஒரு பாறையில் உட்கார்ந்து இளைப்பாறுவது தெரிந்தது. தாணுலிங்கம் மூச்சிரைக்க அங்கே போய்ச் சேர்ந்தபோது, அவர்கள் பின்புறத்தைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

"வந்துட்டியளா? போவமா?"

போய்விட்டார்கள். தாணுலிங்கத்துக்கு அழுகை வந்தது. பாறையில் தனியாக உட்கார்ந்து திரும்பிப் பார்த்தார்.

அம்மை எங்கோ கீழே இருந்தார். கம்பின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் நடந்தார். மறுபடி நெற்றியைக் கம்பில் வைத்தார்.

தாணுலிங்கம் ஏறியதெல்லாம் இறங்கிப் போனார்.

"அம்மை! எப்ப இருந்து இப்படி?"

"ரெண்டாம் நாள்ல இருந்து."

"ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

அம்மை சிரித்தார். சிரிப்புக்கு மூச்சு போதவில்லை.

"சொல்லி அனுப்பினேனே அண்ணாச்சி. ஆளுக்கு ஆளு சொல்லி, மெதுவா போகச் சொல்லுங்கன்னு."

ஆமாம். வந்தது. ஒவ்வொரு நாளும் பின்னாலிருந்து வாய் வாயாக வந்தது. மெதுவா, மெதுவா. தாணுலிங்கத்தின் காதிலும் விழுந்தது. தன் வேகத்துக்கு இவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டார். அது விழுந்த ஒவ்வொரு தடவையும் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவர் அம்மையின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

உச்சிவெயில் வந்தபோது கடைசி ஏற்றத்துக்குக் கீழே நின்றார்கள். மேலே விளிம்பில் மற்றவர்களின் தலைகள் தெரிந்தன. சங்கரவடிவு இரண்டு கையையும் ஆட்டினாள். குளம் அவள் காலடியில் இருக்க வேண்டும்.

பல்பீர் இறங்கி வந்தார். அம்மையின் நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தார். விரல்களைப் பிடித்து நகத்தைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. இரண்டு வார்த்தை சொன்னார்.

"ஏறப்படாதாம்," என்றார் அம்மை. "இப்பமே இறங்கணுமாம்."

பல்பீர் தாணுலிங்கத்துக்குக் கையால் சொன்னார். நீ மேலே போய்ப் பார்த்துவிட்டு வா, பக்கம்தான். இவரை நான் இறக்குகிறேன்.

தாணுலிங்கம் மேலே பார்த்தார். பக்கம்தான். ஒரு பீடி குடிக்கிற நேரம் ஏறினால் போதும். இவ்வளவு தூரம் வந்தது அதற்குத்தான்.

அம்மையின் பக்கம் திரும்பினார்.

"இப்பமாவது சொல்லுங்க. என்னை என்னத்துக்கு முன்னால விட்டிய?"

"நீங்க மெதுவா நடப்பியன்னு."

அம்மை கம்பை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு மூச்சு பத்தாதுன்னு பொறப்படும்போதே தெரியும் அண்ணாச்சி. நீங்க முன்னால போனா நானும் வந்து சேந்துருவேன்னு நெனச்சேன்."

தாணுலிங்கம் ஒரு கல்லில் உட்கார்ந்தார். அறுபது தாண்டிய மனிதர், சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை போல அழுதார். அம்மை அழட்டும் என்று விட்டார். பல்பீர் வேறு பக்கம் பார்த்தார்.

"போதும் அண்ணாச்சி. அழுதா இங்க மூச்சு வாங்கும்."

அவர் எழுந்தார். பல்பீரைப் பார்த்து மேலே கை காட்டினார்.

"நீங்க போயி அவியளக் கூட்டிட்டு வாங்க. நாங்க இறங்கிக்கிட்டு இருக்கோம்."

தமிழில்தான் சொன்னார். பல்பீருக்குப் புரிந்தது.

பாதை ஒற்றை ஆள் அகலம். தாணுலிங்கம் முன்னால் இறங்கினார். அம்மை பின்னாலிருந்து அவர் தோளில் கையை வைத்துக்கொண்டார். ஒரு அடி வைப்பார், நிற்பார், திரும்பிப் பார்ப்பார். அம்மையின் மூச்சு அடங்கும் வரை காத்திருப்பார். பிறகு இன்னொரு அடி.

மேலேயிருந்து பேச்சுக் குரல்கள் கேட்டன. குளம் பார்த்த சந்தோஷத்தில் எல்லோரும் கடகடவென்று இறங்கி வந்தார்கள். பக்கத்தில் வந்து அம்மையின் முகத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றது. யாரும் தாண்டவில்லை. சங்கரவடிவு அம்மைக்குப் பின்னால் நின்றாள். மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் நின்றார்கள்.

தாணுலிங்கம் திரும்பாமலே பேசினார்.

"அம்மை, எல்லாரும் வந்தாச்சு. குளத்தங்கரையில வச்சுச் சொல்லுதேன்னு சொன்னிய. அங்க போக நான்தான் விடல. இங்க வச்சே சொல்லிருங்க. வடிவுகிட்ட குடுங்க. அவ நல்லாப் பாப்பா."

அம்மையின் கை அவர் தோளிலேயே இருந்தது. கொஞ்சம் அழுத்தியது.

"நீங்களே முன்னால நடங்க அண்ணாச்சி," என்றார்.